பழைய ரோட்டுப் பஞ்சர் கடை

1

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். ஊர்ப் பசங்கள் சேர்ந்து ஆண்டு மலர் போடுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று தகவல் வந்தது. ஒன்பதாவதிலேயே பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவனிடம் கட்டுரை கேட்கிற அளவுக்கு ஊரில் பஞ்சமா என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். படித்தவர்கள் சிங்கப்பூரில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். நான் ஓமானில் காய்கறி வண்டி ஓட்டுகிறவன்.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பிரஸ்வேயில் என் வண்டி டயர் வெடித்தது. வெடித்த நேரத்தில் முதலில் ஞாபகத்துக்கு வந்தது கடவுள் இல்லை, எலவனாசூர்கோட்டையில் பழைய ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற ஏழுமலை. இது கடவுளுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வார். ஏழுமலைக்குத் தெரிந்தால் தலைகால் புரியாது. அதனால் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

ஏழுமலை யார் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டாம். மற்றவர்களுக்கு: என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு முன்னாலேயே, எட்டாவதிலேயே எழுந்து போனவன். அப்பா கடையில் டயர் கழட்ட ஆரம்பித்தவன் இன்னும் கழட்டுகிறான். என் ஒரே கூட்டாளி.

அவனுக்கு நான் ஒரு விசா ஏற்பாடு பண்ணியிருக்கிறேன். எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, எக்ஸ்பிரஸ்வே பெட்ரோல் பங்க்கில் புதிதாக டயர் கடை போடுகிறார். கை சுத்தமான ஆள் வேண்டுமாம். நான் ஏழுமலை பேரைச் சொன்னேன். கை சுத்தம் என்றால் அவர் வேறு அர்த்தத்தில் சொல்கிறார், ஏழுமலை கையில் எப்போதும் கிரீஸ்தான். வியாழக்கிழமைக்குள் அவன் சரியென்று சொல்லவேண்டும். இல்லையென்றால் அர்பாப் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். எத்தனை தடவை கேட்டாலும் பையன் "பாக்கலாம்டா" என்கிறான். அந்தக் கடுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரோடு முன்பெல்லாம் எங்கள் ஊருக்குள் புகுந்துதான் போகும். லாரி, பஸ், கரும்பு டிராக்டர், கல்யாண வேன், எது போனாலும் ஏழுமலை கடை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலில் இரண்டு பழைய டயரைப் பாதி புதைத்து, வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். அதுதான் போர்டு. படிக்கத் தெரியாத டிரைவருக்கும் புரியும், படிக்கப் பிடிக்காத எனக்கும் புரியும்.

அப்புறம் பைபாஸ் வந்தது. திறந்த அன்றைக்கு ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. ஏழுமலையும் வந்தான். யாரோ கேசரி கொடுத்தார்கள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "இனிமே வூட்டுக்குள்ள தூசி வராதுடா, புள்ளைங்க பயமில்லாம ரோட்ட தாண்டலாம்" என்று அவ்வளவு சந்தோஷம். தூசி வரவில்லைதான். தூசியோடு வந்துகொண்டிருந்த லாரியும் வரவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. மிச்சம் இருப்பது சைக்கிள், பைக், எப்போதாவது ஒரு டிராக்டர்.

போன லீவில் வந்தபோது சென்னையில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டேன்.

"கோட்டை ஒண்ணு குடுங்கண்ணே."

"கோட்டை உள்ள போவாது. பைபாஸ்ல எறங்கிக்க."

"முன்னாடி போர்டுல கோட்டைன்னு போட்டுகினு இருக்கீங்களே?"

"போர்டு போவும். பஸ்ஸு போவாது."

"அண்ணே, மஸ்கட்லருந்து வந்த ஃபிளைட்டே என்னைய ஊருக்குள்ள கொண்டாந்து எறக்கி வுட்டுச்சி. நீங்க இன்னாண்ணே இப்பிடி பேசறீங்க?"

"அப்ப ஃபிளைட்லயே கோட்டைக்கும் போயிருக்க வேண்டியதுதான. பெட்டிய வழியில வைக்காத, அப்பால தள்ளு."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் ஜெயித்ததை ஒத்துக்கொண்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

பழைய ரோட்டை இப்போது ஆள்வது ஏழுமலையின் மகள் கவியா. நாலாவது படிக்கிறாள். மஞ்சள் தலை வைத்த மைல் கல் ஒன்று கடைக்கு எதிரில் இருக்கிறது, சேலத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியது. அதுதான் அவளுக்கு ஸ்டம்பு. "சேலம் மேல பட்டா அவுட்டு" என்பது அவள் போட்ட சட்டம். அவளை உட்கார வைத்து வரலாறு சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன்.

"கவியா, நீ நிக்கறியே, இது நேஷனல் ஹைவே தெரியுமா? அப்பல்லாம் இங்க நின்னா லாரி அடிச்சிட்டு போயிகினே இருக்கும்."

"சும்மா ரீல் வுடாத சித்தப்பா. ஹைவேல எங்கனா கோழி மேயுமா?"

கோழி மேய்ந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு ஹைவே என்றால் வயலுக்கு அந்தப் பக்கம் உசரத்தில் ஓடுவது. அப்பா கடை ஏன் இங்கே இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கோழிக்குப் பக்கத்தில் கடை இருந்தால் அவளுக்குப் போதும்.

3

அந்த லீவில் பஸ்காரர் சொன்ன மாதிரியே பைபாஸில் இறக்கிவிட்டுப் போனார். மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. பைபாஸ் போட முடியாத ஒரே இடம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மலைக்குப் போகிறவன் இன்னும் ஒவ்வொரு வளைவாகச் சுற்றித்தான் போகவேண்டும்.

ஏழுமலை சரிவில் ஏறி வந்து பெட்டியை வாங்கினான். பக்கத்தில் ஒரு நாமக்கல் லாரி, பின்பக்கம் ஜாக்கி மேல் நின்றது. டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, பக்கத்துல பஞ்சர் கடை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஏழுமலை கையை நீட்டினான். "அதோ தெரியுது பாருங்க, தகரம் போட்டது. அது என்துதான்."

"அட, கூப்புடு தூரந்தானுங்."

"கூப்புட்டா கேக்கும். வண்டியில வரணும்னாதான், நேரா போயி, திருப்பத்துல திரும்பி, உளுந்தூர்பேட்ட பக்கமா வந்து, அப்பறம் ஊருக்குள்ள எறங்கணும். மூணு சக்கரத்துல வருவீங்களா?"

டிரைவர் முகம் சுருங்கியது. ஏழுமலை லாரியைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். அவன் அந்தப் பார்வை பார்த்தால் சட்டை போச்சு என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

கழட்டி வைத்த டயரை மூன்று பேரும் தள்ளி ரோட்டோரத் தடுப்புக்கு வெளியே கொண்டுவந்தோம். சரிவில் மெதுவாக இறக்கி, வரப்பு வழியாக உருட்டிக்கொண்டு போவது திட்டம். ஏழுமலை முன்னால் நின்று தாங்கவேண்டும், நான் பின்னால் பிடிக்கவேண்டும். நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மூக்கில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு நிமிஷம் கையை எடுத்தேன்.

"டேய் மணி, புடிடா! புடி! ஐயோ, வுட்டுட்டியே!"

ஏழுமலை ஒரு பக்கம் குதித்தான். லாரி டயர், ரிம்மோடு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய மாமா மாதிரி ஜம்மென்று சரிவில் இறங்கியது. கீழே கலியபெருமாள் மாமாவின் மரவள்ளிக் கொல்லை. அதற்குள் புகுந்தது. செடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து வழி விட்டன. மாமா மறு கோடியில் மண்வெட்டியோடு நின்றார்.

"எவன்டா அவன்? எங்கொல்லையில லாரி ஓட்டறது?"

"லாரி இல்ல மாமா, டயர் மட்டுந்தான்!" என்று நான் மேலேயிருந்து கத்தினேன்.

"டயருக்கு பின்னாடியே நீயும் வா, ஒன்ன உருட்டறேன்!"

டயர் இதையெல்லாம் கேட்கவில்லை. வரப்பில் ஒரு எம்பு எம்பி, பழைய ரோட்டில் ஏறி, நேராகப் போய் மைல் கல்லில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. ரோட்டோரத்தில் கிரிக்கெட் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற கவியா இரண்டு கையையும் தூக்கிக் கத்தியது மேலே வரைக்கும் கேட்டது.

"சேலத்து மேல பட்டுடிச்சி! அவுட்டு!"

டயர் நின்ற இடத்துக்கும் ஏழுமலை கடைக்கும் நடுவில் ரோடு மட்டும்தான் இருந்தது. அவன் டியூபை உருவி, பஞ்சர் போட்டு, கம்ப்ரசரை ஓட்டிக் காற்றடித்தான். மேலே ஏற்றுவதுதான் கொடுமை. அதற்குக் கலியபெருமாள் மாமாவும் வந்து தோள் கொடுத்தார். தள்ளுகிற ஒவ்வொரு முக்கலுக்கும் என் பரம்பரையில் ஒருவரை இழுத்துத் திட்டினார். எனக்கே தெரியாத பாட்டன் பேரெல்லாம் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

லாரி கிளம்பிப் போன பிறகு ஏழுமலை நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தியா? கஸ்டமர் வந்துகினுதான் கீறாங்க."

"கஸ்டமர் எங்கடா வந்தான்? டயர் வந்துச்சி. அதுவும் நான் வுட்டதால வந்துச்சி."

"எதுவோ ஒண்ணு வந்துச்சி இல்ல?"

"ஓமானுக்கு வாடா. அங்க வண்டியும் வரும், டயரும் வரும், ஆளும் வருவான்."

அவன் கடைக்குள் கையைக் காட்டினான். "கம்ப்ரசர எங்கப்பா சிமெண்டுல பூட்டி வச்சிட்டு போயிருக்காரு. அத்த வுட்டுட்டு எங்கடா வரது?"

ஏழுமலை சும்மா இருக்கவும் இல்லை. பைபாஸிலிருந்து ஊர்ப் பக்கம் இறங்க ஒரு சின்ன வழி விடுங்கள் என்று மனு எழுதிக்கொண்டு, மனு நாளில் கள்ளக்குறிச்சிக்குப் போனான். ஜில்லா தலைநகர் ஆன பிறகு நமக்கு விழுப்புரம் வரைக்கும் போகிற அலைச்சல் மிச்சம், பக்கத்திலேயே அலையலாம். அங்கே ஒருவர் மனுவைப் படித்துவிட்டு, இது மத்திய ரோடு, எங்கள் கையில் இல்லை என்றாராம். பழைய ரோடு யார் கையில் என்று இவன் கேட்டிருக்கிறான். அது வேறு ஆபீஸாம். "அப்ப ரெண்டு ரோட்டுக்கும் நடுவுல கீற நானு யாரு கையில சார்?" என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டு டீ சாப்பிடப் போய்விட்டாராம். பாவம், அவரையும் சொல்லக்கூடாது. டீ நேரம்.

4

ஓமானிலும் இதே கதைதான், மண் மட்டும் வேறு. கடலோரமாக ஊர் ஊராகப் புகுந்து போகிற பழைய ரோடு ஒன்று. உள்பக்கம் பாலைவனத்தைப் பிளந்துகொண்டு போகிற புது எக்ஸ்பிரஸ்வே ஒன்று. புதியது அம்சமாக இருக்கும். வளைவு இல்லை, ரவுண்டானா இல்லை, டீக்கடை இல்லை, ஆளும் இல்லை. அதில் ஓட்டினால் எனக்குப் பத்து நிமிஷத்தில் கொட்டாவி வரும்.

பழைய ரோட்டில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு ஹார்ன் அடித்தால் போதும், கரக் சாயா ஜன்னலுக்கே வரும். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த ஹார்ன்தான் என்னைக் கவிழ்த்தது. லைசென்ஸ் டெஸ்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர், முன்னால் போகிற வண்டியைத் தாண்டச் சொன்னார். நான் தாண்டினேன். உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வருகிற மாதிரி, விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே, அழகாகத் தாண்டினேன். இறங்கச் சொல்லிவிட்டார். ஃபெயில். யாரிடம் கோபம் உனக்கு என்று கேட்டார். கோபம் இல்லை சார், மரியாதை, வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாண்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம் என்று விளக்கினேன். என் அரபியில் அது வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்கும் போல. அடுத்த தடவையும் ஃபெயில். மூன்றாவது தடவை ஹார்ன் பக்கம் கை போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டித்தான் வாங்கினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எக்ஸ்பிரஸ்வே, உச்சி வெயில், வண்டி நிறையத் தக்காளி. டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. பஞ்சர் கடைக்காரன் கூட்டாளி நான்! இதை ஏழுமலை படித்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான், காட்டட்டும். அர்பாபின் புது டயர் கடையில் இன்னும் பூட்டுத்தான் தொங்குகிறது, உள்ளே ஆள் வரவேண்டுமே. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல். ஹார்ன் அடித்துப் பார்த்தேன். சாயா வரவில்லை.

பழைய ரோட்டு டீக்கடைச் சுவரில் ஒரு டயர்காரர் நம்பர் எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. டீக்கடைக்குப் போன் போட்டு வாங்கி அடித்தேன். பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் எடுத்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் "டயர் மர் கயா பாய்" என்றேன், டயர் செத்துப் போச்சு என்று. "அடக்கம் பண்ணியாச்சா, நான் வந்துதான் பண்ணணுமா?" என்று கேட்டார். நம்ம ஆள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வந்தார். ஒரு பழைய பிக்கப். பின்னால் ஜெனரேட்டர், கம்ப்ரசர், ஜாக்கி, தொங்குகிற டியூப்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. கடையையே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஸ்டெப்னியை ஒட்டிக் காற்றடித்து மாட்டிவிட்டு, வெயிலைத் திட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் அந்தப் பிக்கப்பை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஏழுமலைக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வாய்ஸ்: "பாருடா, இங்க கடையே ஓடிகினு வருது. ஒனக்கும் இதே மாரி அர்பாப்கிட்ட சொல்லி வாங்கி தரேன். வா மச்சான்." அதைப் பார்த்தாவது ஆசை வந்து கிளம்புவான் என்று கணக்கு. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

5

செவ்வாய்க்கிழமை வீடியோ கால் போட்டேன். கவியா எடுத்தாள். பின்னால் டங்கு டங்கென்று சத்தம்.

"இன்னாடி அது சத்தம்?"

"அப்பா கம்ப்ரசர தோண்டிகினு இருக்காரு சித்தப்பா. கடப்பாரையால."

"தோண்டறானா? சிமெண்டோடவா?"

"ஆமா. அம்மா திட்டிகினே இருக்குது."

ஏழுமலை பெண்டாட்டி செல்வி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாம் நீங்க அனுப்பன போட்டாவால வந்துதுண்ணே. நல்லா இருங்க!" அது வாழ்த்தா திட்டா என்று தெரியவில்லை. போன் கட் ஆகிவிட்டது.

எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அப்பா பூட்டி வைத்த கம்ப்ரசரையே பேர்த்து எடுக்கிறான் என்றால் விற்கப்போகிறான், விற்கிறான் என்றால் வரப்போகிறான். அன்றைக்கே அர்பாபிடம் போய் ஆள் ரெடி என்று சொன்னேன். ரூமில் என் கட்டிலுக்கு எதிர்க் கட்டில் காலியாகக் கிடக்கிறது, அதன் மேல் நான் போட்டு வைத்திருந்த அழுக்குத் துணியையெல்லாம் எடுத்துத் துவைத்தேன். இதை எங்கள் ரூமில் யாரும் நம்பவில்லை. புதுப் போர்வை ஒன்று வாங்கி விரித்தேன். பெரிய பெரிய பூப் போட்டது. அவனுக்குப் பிடிக்காது, அதற்காகவே அதை எடுத்தேன்.

ஒரு விஷயத்தை விளையாட்டில்லாமல் சொல்கிறேன். இங்கே எனக்குச் சோறு உண்டு, வேலை உண்டு, சிரிக்கவும் ஆள் உண்டு. நான் கிண்டலடித்தால் திருப்பிக் கிண்டலடிக்கிற ஆள்தான் கம்மி. ரூமில் என் ஜோக்குக்கு எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏழுமலை ஒருத்தன்தான் "போடா, இது போன வருஷமே சொன்னது" என்பான். அதைக் கேட்க எனக்கு ஒரு ஆள் வேண்டும். விசாவுக்கு இத்தனை அலைந்ததற்கு அதுதான் காரணம். அவன் கடை படுத்துவிட்டதே என்ற இரக்கம் என்று இத்தனை நாள் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரக்கமும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. காலையில் அர்பாப் பாஸ்போர்ட் காப்பி எங்கே என்றார். சாயங்காலம் வந்துவிடும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். ஏழுமலை போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பான், சாமான் கட்டிக்கொண்டிருப்பான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவேண்டுமே. கலியபெருமாள் மாமா ஒழிந்தது சனி என்று சந்தோஷமாக வழியனுப்புவார்.

அவனைப் பற்றி எழுதிவிட்டு அவனிடம் காட்டாமல் மலருக்கு அனுப்பினால் வந்ததும் உதைப்பான். அதனால் இதுவரைக்கும் எழுதியதையெல்லாம் போட்டோ பிடித்து மத்தியானம் அவனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, பாஸ்போர்ட் காப்பியையும் அனுப்புடா என்று கீழே போட்டேன். நீலக் கோடு விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து, பூப் போட்ட போர்வை மேல் நான் உட்கார்ந்திருக்கும்போது, ஒரே ஒரு வரி வந்தது.

"பைபாஸ்ல ஒரு நாமக்கல் வண்டி ஜாக்கி மேல நிக்கிது, கம்ப்ரசரு குட்டியானை வண்டில ஏறி ஓடிகினு இருக்குது, அந்த விசாவ வேற எவனுக்காவது குட்றா மச்சான்."